இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறீர்களா? எது உங்கள் பொறுப்பு, எது டிபார்ட்மென்ட்டின் பொறுப்பு

விசா எடுப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, வீடு பிடிப்பது பற்றிச் சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு என்ன நடக்கும், அசைன்மென்ட் தாமதமானால் என்ன ஆகும், மதிப்பெண் தவறாக வந்தால் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நான் மாஸ்டர்ஸ் முடித்த ஆண்டில் இவை ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஊர்க் கல்லூரியில் எச்.ஓ.டி. மனது வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இங்கே யாரும் மனது வைக்க வேண்டியதில்லை, விதி இருக்கிறது. அதில் ஆசிரியருக்கும் கடமை எழுதியிருக்கிறது, உங்களுக்கும் எழுதியிருக்கிறது. உங்கள் பக்கத்தை நாள் தவறாமல், எழுத்தில் செய்தால்தான் அவர்கள் பக்கம் நகரும். விவரங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆகவே கீழே நான் சொல்லும் நாள் கணக்கையும் சதவீதத்தையும் உங்கள் பல்கலைக்கழக விதியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் வாரமே இறக்கி வைக்க வேண்டிய ஆவணங்கள்

மூடில், பிளாக்போர்டு, கேன்வாஸ் என்று உங்கள் பல்கலைக்கழகம் எந்த இணையப் பாடத் தளத்தை வைத்திருந்தாலும் அதற்குள் போய் இவற்றை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள்: கோர்ஸ் ஹேண்ட்புக், ஒவ்வொரு மாட்யூலின் (தனிப் பாடத்தின்) ஹேண்ட்புக், மதிப்பெண் அளவுகோல், தாமதச் சமர்ப்பிப்பு விதி, எக்ஸ்டென்யுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் விதி (நோய், துக்கம் போன்ற காரணத்துக்குச் சலுகை கேட்பது; எல்லோரும் இ.சி. என்பார்கள், சில இடங்களில் மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்), அகடமிக் மிஸ்கண்டக்ட் (காப்பியடிப்பது போன்ற முறைகேடு) விதி, அப்பீல் விதி.

ஏன் இறக்கி வைக்க வேண்டும்? உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த கல்வியாண்டின் விதி. இணையத்தில் இருக்கும் பக்கம் அடுத்த ஆண்டு மாறிவிடலாம். அதோடு, எந்த அசைன்மென்ட்டுக்கு எத்தனை சதவீதம், ஃபீட்பேக் எத்தனை நாளில் என்று டிபார்ட்மென்ட் உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி இந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

2. மணிக்கணக்கைப் பாருங்கள்

மாஸ்டர்ஸ் என்றால் பொதுவாக 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 20 கிரெடிட் மாட்யூலுக்கு 200 மணி. அதில் பல பாடங்களில் வகுப்பறையில் இருப்பது 40 மணி கூட வராது. மிச்சமெல்லாம் நீங்களாகப் படிப்பது. "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கிளாஸ்" என்று குஷியாகி ஷிஃப்ட் போட்டு நிரப்பியவர்கள் டிசம்பரில் திணறுவார்கள்.

மாணவர் விசாவில் டெர்ம் காலத்தில் வாரம் 20 மணி வேலைதான். மாஸ்டர்ஸ் மாணவர்கள் பலர் கோடையை விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலைக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாஸ்டர்ஸ் கோர்ஸ்களில் டிஸர்டேஷன் (இறுதி ஆய்வுக் கட்டுரை) எழுதும் கோடையும் டெர்ம் காலம்தான். பல்கலைக்கழகத்தின் டெர்ம் தேதிக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் எடுங்கள். வருகைப் பதிவும் விசாவோடு சேர்ந்தது. நீங்கள் படிப்பில் ஈடுபடாமல் இருந்தால் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. லெக்சரின் ரெக்கார்டிங் பார்த்தேன் என்பது வருகை ஆகாது.

3. ஆசிரியரிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதம் உண்டு

சார், மேடம் எல்லாம் வேண்டாம், பெயர் சொல்லியே எழுதலாம். கை கூசும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

மெயிலின் தலைப்பில் மாட்யூல் கோடு, உள்ளே உங்கள் மாணவர் எண், கேள்வி ஒன்று அல்லது இரண்டு. அவ்வளவு போதும். "பாடம் புரியவில்லை" என்று எழுதினால் "ஆபீஸ் ஹவர்ஸில் வாருங்கள்" என்று (மாணவரைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கும் நேரம் அது) பதில் வரும், வேறு ஒன்றும் வராது. "இரண்டாவது கேள்வியில் ஒரு நிறுவனத்தை மட்டும் எடுக்கலாமா, இரண்டை ஒப்பிட வேண்டுமா?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் கேட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று புலம்பக் கூடாது. பதில் தர இரண்டு மூன்று வேலை நாள் எடுத்துக்கொள்வது வழக்கம். சனி, ஞாயிறு கணக்கில் வராது.

நேரில் பேசி ஒன்று முடிவானால், அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னது இது, சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பின்னால் கைகொடுக்கும்.

மாட்யூல் ஆசிரியரைத் தவிர உங்களுக்கென்று ஒரு பெர்சனல் டியூட்டரும் இருப்பார். அவரைத் தேடிப் போவது உங்கள் வேலை. டிஸ்லெக்ஸியா, நீரிழிவு, மனச்சோர்வு என எதுவாக இருந்தாலும் டிசபிலிட்டி பிரிவில் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். 2010ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டப்படி, தகுதியுள்ள மாணவருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டியது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் கடமை. தேர்வில் 25 சதவீதம் கூடுதல் நேரம் என்பது அடிக்கடி கிடைக்கும் ஒன்று. ஊர் டாக்டரின் பழைய ரிப்போர்ட் இருந்தால் வரும்போதே கொண்டுவாருங்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு இங்கே தனியாகப் பரிசோதனை செய்ய சில நூறு பவுண்டு ஆகும். பல்கலைக்கழகம் ஒரு பங்கு தருமா என்று முதலில் கேளுங்கள்.

4. சமர்ப்பிக்கும் நாள்

டெட்லைன் நள்ளிரவு என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் பகல் 12 மணி, சில இடங்களில் மாலை 4 மணி. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 10 மதிப்பெண் வெட்டு, சில நாள் கடந்தால் பூஜ்யம் என்பது பரவலான முறை. பல இடங்களில் ஒரு நிமிடம் தாமதமானாலும் ஒரு நாள் தாமதமாகவே கணக்காகும். ரீசிட் (தோற்ற பிறகு மறுபடி எழுதுவது) சமர்ப்பிப்பில் பல இடங்களில் தாமதச் சலுகையே கிடையாது.

ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அதுவரை லண்டன் பகல் 12 என்பது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 5.30. அதன் பிறகு 4.30. பழைய கணக்கில் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரம் போச்சு.

சமர்ப்பித்ததும் வரும் டிஜிட்டல் ரசீதைச் சேமித்து வையுங்கள். ஏற்றிய கோப்பைத் திறந்து பாருங்கள், சரியான வெர்ஷன்தானா என்று. தவறான கோப்பை ஏற்றிவிட்டேன் என்ற விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

5. டர்னிடின், ஏ.ஐ., நண்பனின் கோப்பு

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குள் ஒரு நம்பிக்கை: டர்னிடின் மென்பொருள் மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒற்றுமை சதவீதம் 10க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. இந்தியாவின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியில் 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று இருப்பதால் வந்த நம்பிக்கை அது. இங்கே அப்படி ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. 30 சதவீதம் வந்து, எல்லாம் முறையாகக் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலுமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. 6 சதவீதம் வந்து, அது முழுக்க ஒரே கட்டுரையிலிருந்து சொல்லாமல் எடுத்த ஒரு பத்தியாக இருந்தால் விசாரணை வரும்.

பிளேஜியரிசம் (பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுப்பது) என்றால் எல்லோரும் இணையத்தை நினைக்கிறார்கள். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது கொலூஷனில், அதாவது தனியாக எழுத வேண்டியதைக் கூட்டாக எழுதுவதில். ஒரே வீட்டில் நான்கு பேர், ஒரே கோர்ஸ், "மச்சான், உன்னுடையதைக் கொஞ்சம் அனுப்பு, மாடல் மட்டும் பார்த்துக்கிறேன்." கொடுத்தவர், வாங்கியவர் இருவர் மேலும் வழக்கு வரும். சேர்ந்து உட்கார்ந்து பாடத்தைப் பேசுங்கள், தடையே இல்லை. எழுதிய கோப்பு மட்டும் கை மாறக் கூடாது. சென்ற செமஸ்டரில் நீங்களே எழுதியதை இந்த செமஸ்டரில் மறுபடி போடுவதும் குற்றம்தான்.

ஏ.ஐ. விஷயத்தில் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாட்யூலுக்கு மாட்யூல் விதி மாறும். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டியது ஆசிரியர் பொறுப்பு. சொல்லவில்லை என்றால் மெயிலில் கேட்டுப் பதில் வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பயன்படுத்தியதை அறிவிக்கச் சொன்னால் அறிவியுங்கள். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ வெர்ஷன் ஹிஸ்டரி பதிவாகும்படி எழுதுங்கள், குறிப்பு நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் வந்து கூப்பிட்டால் நீங்கள் காட்டக்கூடிய சாட்சி அதுதான். நிரூபிக்க வேண்டிய பாரம் பல்கலைக்கழகத்தின் மேல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கையில் எதுவும் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்வது கஷ்டம்.

வாட்ஸாப்பில் "அசைன்மென்ட் ஹெல்ப்" என்று வரும் எண்களை பிளாக் செய்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவது இங்கிலாந்தில் 2022 முதல் சட்டப்படி குற்றம். எழுதித் தந்தவர்களே பிறகு "பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

6. உடம்பு முடியவில்லை, வீட்டில் துக்கம்: இ.சி. போடுவது

நம் மக்கள் அதிகம் இழப்பது இங்கேதான். உரிமை இருக்கிறது, ஆனால் போடமாட்டார்கள். "எதுக்கு நம்ம கஷ்டத்தைச் சொல்லிக்கிட்டு" என்று தேர்வை எழுதிவிட்டு, தோற்ற பிறகு சொல்வார்கள். அப்போது காலம் கடந்திருக்கும்.

பல பல்கலைக்கழகங்களில் ஃபிட் டு சிட் என்ற விதி உண்டு. தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், எழுதும் நிலையில் இருக்கிறேன் என்று நீங்களே அறிவித்ததாக அர்த்தம். 102 டிகிரி காய்ச்சலோடு எழுதியதைப் பின்னால் காரணமாகச் சொல்ல முடியாது. முடியாவிட்டால் போகாதீர்கள், அன்றே இ.சி. போடுங்கள்.

சின்ன விஷயத்துக்குச் சில நாள் எக்ஸ்டென்ஷன் கேட்டால் பல இடங்களில் சான்றே வேண்டாம், ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பு மட்டும் இருக்கும். அதைக் காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சோம்பலுக்குச் செலவழிக்காதீர்கள். அதற்கு மேல் என்றால் சான்று வேண்டும்.

மருத்துவச் சான்று: இங்கே வந்த முதல் வாரமே ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம்) பதிந்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நோய் வந்த அன்றே தொடர்பு கொள்ளுங்கள். பல இடங்களில் காலை 8 மணிக்கு போன் அடித்தால்தான் அன்றைய அப்பாயின்ட்மென்ட். குணமான பிறகு போய் "போன வாரம் காய்ச்சல்" என்றால், நீங்கள் அப்படிச் சொன்னதாகத்தான் அவர் எழுதுவார், அதற்கு மதிப்பு குறைவு. விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம்) கட்டியிருக்கிறோமே என்று நினைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கான கடிதம் அதில் சேராது, ஜி.பி. தனியாகக் கட்டணம் கேட்கலாம். கடிதம் வர நாளும் ஆகும். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம்.

வீட்டில் சாவு என்றால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஊரில் பதிவு செய்து கையில் கிடைக்கச் சில வாரம் கூட ஆகலாம். அதற்காகக் காத்திருந்து இ.சி. கெடுவைத் தவறவிடுவதுதான் பெரிய தப்பு. விண்ணப்பத்தை உடனே போட்டு, "சான்று பின்னால் வரும்" என்று குறிப்பிடுங்கள், பெரும்பாலான இடங்களில் ஏற்பார்கள். அதுவரை விமான டிக்கெட், மருத்துவமனைக் கடிதம் போன்றவற்றை இணையுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் இருக்கும் ஆவணத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தாத்தா பாட்டியை நெருங்கிய உறவாக எடுத்துக்கொள்ளாத படிவங்களும் உண்டு. உங்களை வளர்த்தவர் அவர்தான் என்றால் அதை ஒரு வரியில் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் டிபார்ட்மென்ட்டில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு டெர்ம் முழுக்கப் படிப்பை நிறுத்தி வைக்க நினைத்தால், முதலில் பல்கலைக்கழகத்தின் விசா பிரிவைப் பாருங்கள். உங்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தந்த ஸ்பான்சர்ஷிப் ரத்தாகி விசாவே போகலாம்.

இ.சி. ஏற்கப்பட்டால் மதிப்பெண்ணை ஏற்றித் தரமாட்டார்கள். கூடுதல் நாளோ, முதல் முயற்சியாகவே கணக்கில் வரும் இன்னொரு வாய்ப்போ கிடைக்கும். இது பெரிய விஷயம். சாதாரண ரீசிட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50க்கு மேல் ஏறாது, சில இடங்களில் கட்டணமும் உண்டு.

7. குழு வேலை

ஆறு பேரில் இருவர் வேலை செய்வார்கள், இதில் எந்த நாட்டுக்கும் விதிவிலக்கு இல்லை. முதல் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி என்று எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒருவர் காணாமல் போனால் பாதி வழியிலேயே ஆசிரியருக்குச் சொல்லுங்கள். மதிப்பெண் வந்த பிறகு சொன்னால், "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்விதான் வரும்.

8. மதிப்பெண் வந்த பிறகு

மாஸ்டர்ஸில் தேர்ச்சி 50. 60க்கு மெரிட், 70க்கு டிஸ்டிங்ஷன். ஊரில் 85 வாங்கிப் பழகியவருக்கு 62 பார்த்தால் அழுகை வரும். அழ வேண்டாம், அது நல்ல மதிப்பெண்.

ஃபீட்பேக் 15 அல்லது 20 வேலை நாளில் தர வேண்டும் என்பது வழக்கமான வாக்குறுதி. கிறிஸ்துமஸ் மூடல் நாட்களைக் கழித்து எண்ணுங்கள். அதைத் தாண்டினால் கோர்ஸ் ரெப்ரசென்டேட்டிவ் வழியாகக் கேளுங்கள். தனி ஆளாகக் கேட்பதைவிட அது வேலை செய்யும். முதல் அசைன்மென்ட்டின் ஃபீட்பேக் வராமலேயே இரண்டாவதன் டெட்லைன் நெருங்கினால், வகுப்புக்கே தேதியைத் தள்ளிக் கேட்பதில் தவறில்லை.

திருத்துவது ஒருவர் மட்டும் அல்ல. பெரும்பாலான இடங்களில் பெயர் தெரியாமல் திருத்துவார்கள், அதில் ஒரு பகுதியை இன்னொரு ஆசிரியர் சரிபார்ப்பார். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தரம் சரியா என்று பார்ப்பார். கடைசியில் எக்ஸாம் போர்டு கூடி உறுதி செய்யும். அதுவரை திரையில் தெரிவது தற்காலிக மதிப்பெண். பிழை இருந்தால் போர்டு கூடுமுன் சொல்வது சுலபம்.

எனக்கு ஒரு மாட்யூலில் மொத்தம் 46 என்று வந்தது, அதாவது ஃபெயில். எஸ்ஸேக்கு 66, பிரசன்டேஷனுக்கு 64 வாங்கியிருந்தேன். 70க்கு 30 என்ற விகிதத்தில் கணக்குப் போட்டால் 65 வர வேண்டும். பிரசன்டேஷன் மதிப்பெண் ஏறவே இல்லை. ஹேண்ட்புக்கின் விகிதப் பக்கத்தையும் ஃபீட்பேக் தாளையும் இணைத்து மாட்யூல் அலுவலகத்துக்கு மெயில் போட்டதும் திருத்திவிட்டார்கள். ஆகவே மொத்தத்தை நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

9. டிஸர்டேஷன்

சூப்பர்வைசர் எத்தனை முறை சந்திப்பார், எத்தனை அத்தியாயத்தின் டிராஃப்டைப் படிப்பார் என்பது ஹேண்ட்புக்கில் இருக்கும். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகஸ்டில் பலர் லீவில் போய்விடுவார்கள். அந்தத் தேதிகளை ஜூனிலேயே கேட்டு, டிராஃப்டை அதற்கு முன் கொடுங்கள்.

யாரையாவது பேட்டி எடுக்கவோ, கேள்வித்தாள் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் எதிக்ஸ் அனுமதி (ஆய்வு நெறிமுறைக்கான பல்கலைக்கழக ஒப்புதல்) கட்டாயம். திருப்பூரில் உங்கள் மாமாவின் கம்பெனித் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தாலும்தான். அனுமதி வருமுன் எடுத்த தகவலைப் பயன்படுத்தினால் அதுவே மிஸ்கண்டக்ட் ஆகலாம். தமிழ் மட்டும் தெரிந்தவர்களிடம் பேசுவதானால் தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும், விண்ணப்பத்தோடே இரண்டு மொழிப் பிரதியையும் கொடுங்கள். அனுமதி வரச் சில வாரம் ஆகும். படிவம் திருத்தத்துக்குத் திரும்பி வருவது சகஜம் என்பதால் அந்த நாட்களையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

10. அப்பீல்

"எனக்கு இன்னும் அதிகம் வந்திருக்க வேண்டும்" என்பது காரணம் ஆகாது. ஆசிரியரின் கல்வி மதிப்பீட்டை எதிர்த்து அப்பீல் இல்லை. ஊரில் போல் காசு கட்டி மறுமதிப்பீடு கேட்கும் முறையும் பொதுவாகக் கிடையாது. நடைமுறைப் பிழை, பாரபட்சம், தக்க காரணத்தால் முன்பே சொல்ல முடியாமல் போன இ.சி. ஆகியவைதான் பொதுவாகச் செல்லும். கெடு மிகக் குறுகியது, முடிவு வந்த நாளிலிருந்து சில வாரம்தான். அந்தத் தேதியை முதலில் காலண்டரில் குறியுங்கள்.

எழுதுமுன் ஸ்டூடண்ட்ஸ் யூனியனின் ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். இலவசம், பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சாராதவர்கள், விசாரணைக் கூட்டத்துக்கும் கூட வருவார்கள். வக்கீலுக்குப் பணம் கொடுக்கும் முன் இவர்களைப் பாருங்கள். அப்பீலில் அழுகையைக் குறைத்து, தேதி வாரியாக என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, என்ன பரிகாரம் வேண்டும் என்று எழுதச் சொல்வார்கள். சரியான யோசனை அது.

உள்ளேயே எல்லாப் படியும் முடிந்தால் கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ் என்ற கடிதம் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் படிக்கும் மாணவர்கள் ஓ.ஐ.ஏ. என்ற சுதந்திரமான குறைதீர் அமைப்புக்குப் போகலாம். மாணவருக்குக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் அங்குள்ள பொதுச் சேவை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர் அதிகாரியிடம்) போக வேண்டும். ஓ.ஐ.ஏ.வும் மதிப்பெண்ணைத் திருத்தித் தராது, பல்கலைக்கழகம் தன் விதிப்படி நியாயமாக நடந்ததா என்றுதான் பார்க்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் விசா முடிந்துவிட்டால் ஊருக்குப் போய்விட்டாலும் பரவாயில்லை. புகாரை இணையம் வழியாகவே நடத்தலாம். ஆனால் பல்கலைக்கழக மெயில் கணக்கு மூடப்படும் முன் எல்லாக் கடிதங்களையும் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.